கட்டடம் கட்டியவர்களுக்குக் கணக்கையும் காட்டட்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். கிழக்கு ஆப்பிரிக்காவின் தொடக்கக் கல்வி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஊர்மக்கள் கல் சுமந்து, மண் குழைத்துப் பள்ளி எழுப்பிய கதையை எழுதியவர் மனம் உருகிச் சொல்லியிருக்கிறார். அந்த உழைப்பை நானும் மதிக்கிறேன். ஆனால் மக்கள் பங்கேற்பு என்பது கூலியில்லா வேலையும் நன்கொடையும்தான் என்ற எண்ணத்தோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. அரசு தர வேண்டியதை ஏழைகளிடமே வசூலித்துவிட்டு, அதற்குப் பங்கேற்பு என்று பெயர் சூட்டிய வரலாறும் அங்கே உண்டு.

கென்யாவையே பாருங்கள். 1963இல் விடுதலை வந்ததும் நாட்டின் முதல் தலைவர் ஜோமோ கென்யாட்டாவின் ‘ஹராம்பே’ (எல்லோரும் சேர்ந்து இழுப்போம்) அழைப்பை ஏற்று ஊர் ஊராகப் பள்ளிகள் முளைத்தன. 1974இல் முதல் நான்கு வகுப்புகளுக்குக் கட்டணம் ரத்தானது. பிள்ளைகள் குவிந்தார்கள். அவர்களுக்கு அறை கட்டப் பணம் வரவில்லை. பள்ளிக் குழுக்கள் ‘கட்டட நிதி’ கேட்கத் தொடங்கின. பல இடங்களில் அது ரத்தான கட்டணத்தையே மிஞ்சியது. சேர்ந்தவர்களில் பலர் நின்றுவிட்டார்கள். 2003இல் அதிபர் கிபாகியின் அரசு கட்டணத்தை முழுவதும் நீக்கியபோது, சுமார் 59 லட்சமாக இருந்த தொடக்கப் பள்ளி மாணவர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 72 லட்சத்தை எட்டியது. இத்தனை காலம் வாசலில் நின்றவர்கள் யார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தக் கடிதத்தை நான் எழுதுவதே உகாண்டாவைச் சொல்லத்தான். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்கே ஒவ்வொரு மாணவருக்கும் இவ்வளவு என்று அரசு பள்ளிகளுக்கு மானியம் ஒதுக்கிவந்தது. 1991 முதல் 1995 வரையிலான கணக்கை ஆய்வாளர்கள் பள்ளி பள்ளியாகப் போய்ச் சரிபார்த்தார்கள். சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்தது. மீதி மாவட்ட அலுவலகங்களோடு நின்றுபோனது. பெற்றோர் ஏன் கேட்கவில்லை? அப்படி ஒரு பணம் வர வேண்டும் என்பதே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

அதன் பிறகு, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதை அரசே செய்தித்தாள்களில் வெளியிட்டது. வந்த தொகையைப் பள்ளியில் எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்டச் சொன்னது. 2001 வாக்கில் 80 சதவீதத்துக்கு மேல் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. செய்தித்தாள் கிடைக்கும் இடத்துக்கு அருகில் இருந்த பள்ளிகள் கூடுதலாகப் பயனடைந்தன. பத்திரிகை நடத்தும் உங்களுக்கு இது பிடிக்கும்! பத்திரிகை மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். நிதி அனுப்பும் முறையிலும் அந்த ஆண்டுகளில் பல திருத்தங்கள் நடந்தன. ஆனாலும் தலைமையாசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வரவை ஊரார் முன் எழுதி ஒட்டும்போது செலவிலும் தானாக ஒரு கவனம் வரும்.

பணம் வந்தால் படிப்பு வந்துவிடுமா? அதுவும் இல்லை. 2009 முதல் கென்யா, தான்சானியா, உகாண்டா மூன்றிலும் ‘உவேசோ’ என்ற முயற்சியின் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கவைத்துப் பார்த்தார்கள். நம் நாட்டில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்க 2005இல் தொடங்கிய ‘அசர்’ கணக்கெடுப்பைப் பார்த்து உருவானது அது. மூன்றாம் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க வரவில்லை. முடிவைப் பெற்றோரிடம் அங்கேயே சொன்னார்கள். இதனால் பெற்றோர் கூடுதலாக ஏதாவது செய்தார்களா என்று கென்யாவின் கிராமங்களில் பின்னர் ஆராய்ந்தபோது குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்று அறிந்த தாய் மறுநாள் யாரிடம் போய் எதைக் கேட்பாள்? ஆசிரியரின் சம்பளமும் மாறுதலும் ஊருக்கு எட்டாத இடத்தில் அல்லவா முடிவாகின்றன?

மேற்குக் கென்யாவில் ஒப்பந்த ஆசிரியரை அமர்த்தும் பணத்தையே பள்ளிக் குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகள் முன்னேறினார்கள். ஏற்கெனவே இருந்த ஆசிரியர்களின் உறவினர்கள் அந்த வேலைகளில் நுழைந்ததும் உண்மை. மேற்பார்வை செய்யப் பெற்றோருக்குப் பயிற்சி தந்த இடங்களில் அது குறைந்தது. உகாண்டாவில் நடந்த இன்னொரு சோதனை இதைவிட முக்கியமானது. மேலிருந்து வந்த மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பிய பள்ளிக் குழுக்களால் பெரிய பலன் இல்லை. எதைக் கண்காணிப்பது என்று தாங்களே கூடிப் பேசி முடிவுசெய்த குழுக்களின் பள்ளிகளில் ஆசிரியர் வருகையும் பிள்ளைகளின் தேர்ச்சியும் கூடின.

மொழியைப் பற்றி ஒன்று. தன் மொழியில் பிள்ளை தடுமாறுவதை எழுதப் படிக்கத் தெரியாத தாயும் காதால் கேட்டே கண்டுபிடித்துவிடுவாள், ஆங்கிலத்தில் முடியாது. உகாண்டாவில் முதல் மூன்று வகுப்புகளுக்கு உள்ளூர் மொழியைக் கொண்டுவந்தது இதற்கும் உதவும். ஆனால் ஆங்கிலமே வேண்டும் என்று கேட்கும் பெற்றோர் அங்கேயும் ஏராளம்.

கட்டுரையாளர் அந்தப் பள்ளிகளுக்கு மறுபடி போனால், சுவரை யார் கட்டினார்கள் என்பதோடு, மானியம் எவ்வளவு வந்தது என்று எங்கே ஒட்டியிருக்கிறார்கள், ஆசிரியர் ஒரு வாரம் வராவிட்டால் குழு யாரிடம் முறையிடும், முறையிட்டு என்ன நடந்தது என்பதையும் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.