குழி வெட்டி வைத்திருக்கும் அப்பாவுக்கு

தைக்கொன்ஷிமா,
ஷிமானே, ஜப்பான்.
நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் தம்பியும் சுகமென்று ஞாயிற்றுக்கிழமை பேசும்போதே தெரிந்துகொண்டேன், ஆனாலும் எழுதும்போது கேட்காமல் இருக்க முடியவில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அடைமழையில் மேல்மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

தம்பி அனுப்பிய போட்டோவில் குழியைப் பார்த்தேன். புது வீட்டு வாசலில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், இரண்டடி ஆழம், நாலு பக்கமும் நேராக இறக்கி, மேல்மண் தனி, அடிமண் தனி என்று ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த காலமெல்லாம் வாசலில் ஒரு முழ அகலத்தில்தான் டேலியாவும் கோழிக்கொண்டையும் வைத்தீர்கள். இப்போது ஏழு பேர்ச் நிலம் கையில் இருக்கிறது, முதல் குழியை என் பூவுக்கென்று வெட்டியிருக்கிறீர்கள். அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மே மாதம் நான் அனுப்பிய பூப் படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் கன்று கேட்டபோது, "சரி அப்பா, பார்ப்போம்" என்று சொல்லியிருக்கக் கூடாது. அப்போதே விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும். போனில் பாதிப் பேச்சு சிக்னலோடு போய்விடுகிறது, அதனால் இதை எழுதுகிறேன்.

அந்தப் பூ நம் ஊர் கந்தப்பளையில் பூக்காது அப்பா. செடி கொஞ்சநாள் உயிரோடு இருக்கலாம், இலைகூட விடலாம், ஆனால் பூக்காது. ஏனென்று நீங்களே ஒத்துக்கொள்கிற மாதிரிச் சொல்ல வேண்டுமென்றால் இங்கே நான் செய்கிற வேலையைச் சொல்ல வேண்டும்.

இங்கே அதன் பெயர் பொத்தான். முதல் நாள் சட்டைப் பொத்தான் என்றுதான் எனக்குக் கேட்டது. சட்டைப் பொத்தானுக்கும் இவர்கள் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள், அது நமக்கும் அவர்களுக்கும் போர்த்துக்கேயர் கொடுத்துவிட்டுப் போன சொல். பூவின் பெயர் மட்டும் செடியோடு சேர்ந்து சீனாவிலிருந்து வந்தது. இங்கிலீஷ்காரர் மரப் பியோனி என்பார்கள். மரமென்று பெரிதாக நினைக்க வேண்டாம், நெஞ்சளவுக்கு வளரும் புதர்தான், ஆனால் கட்டையான தண்டு, மாரியில், அதாவது இங்கத்தைய குளிர்காலத்தில், இலையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். இதற்கு ஒரு தங்கச்சி உண்டு, ஷக்குயாக்கு என்பார்கள், அது கட்டையே இல்லாத பியோனி, மாரியில் தரையோடு மாய்ந்துபோய் வசந்தத்தில் வேரிலிருந்து திரும்ப முளைக்கும். இந்தத் தங்கச்சியை மறக்காதீர்கள், வேலையே அதை வைத்துத்தான்.

நான் இருப்பது ஒரு தீவு. நக்காவுமி என்கிற ஏரிக்கு நடுவில், எரிமலைக் குழம்பு ஆறி உண்டான இடம், மண் கருகருவென்று பொலபொலப்பாக இருக்கும், எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. தீவின் உயரமான மேடே 42 மீட்டர்தான். பீதுருதாலகாலை மலையைப் பார்த்து வளர்ந்த எனக்கு முதல் வாரம் எங்கே பார்த்தாலும் வானம் மட்டும் இருப்பது என்னவோ போல இருந்தது. இங்கே 300 வருடமாகப் பொத்தான் வளர்க்கிறார்கள், ஷிமானே மாகாணத்தின் பூவே இதுதான். முதலாளியின் அம்மா, எண்பதைத் தாண்டியவர், நாங்கள் ஓபாசான் என்று கூப்பிடுவோம், பாட்டி என்று அர்த்தம். அவர் வயதுப் பெண்கள் கன்றுகளை மூட்டையாகக் கட்டி முதுகில் சுமந்துகொண்டு ரயிலேறி, ஊர் ஊராகப் போய் வீட்டு வாசலில் நின்று விற்றவர்களாம். அம்மா தலைக்கயிற்றில் கூடை மாட்டிக்கொண்டு நிற்கிற படத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, கயிறு நெற்றியில் எங்கே உட்காரும், வலிக்குமா என்று அதைத்தான் கேட்டார்.

செப்டம்பரில் ஒட்டுக் கட்டும் வேலை. தங்கச்சிச் செடியின் வேரை விரல் தடிமனில், ஒரு சாண் நீளத்துக்குள் வெட்டி எடுத்து, தலைப்பக்கம் நடுவில் கீறுவோம். பொத்தான் செடியில் அந்த வருடம் விட்ட இளங்கிளையில் மொட்டோடு ஒரு துண்டு வெட்டி, அதன் அடியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவ வேண்டும். ஒரே இழுப்பில் சீவ வேண்டும், இரண்டாவது தடவை கத்தி வைத்தால் முகம் சமமாக இருக்காது, இடையில் காற்று புகுந்துவிடும். அப்புறம் பட்டையும் பட்டையும் ஒரு பக்கமாவது சரியாகச் சேரும்படி கீறலில் இறக்கி, நாடாவால் இறுக்கிச் சுற்றி, மொட்டு மட்டும் மண்ணுக்குள் லேசாக மூடுகிற ஆழத்தில் நட்டுவிடுவோம். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற உங்கள் கவ்வாத்துக் கத்தியை நீங்கள் தினமும் சாயங்காலம் கல்லில் தீட்டுவீர்களே, அந்தச் சத்தம் எனக்கு இங்கே தினமும் ஞாபகம் வரும், ஏனென்றால் இங்கேயும் கத்திதான் எல்லாம்.

அந்த வேர் செவிலித்தாய் மாதிரி. இரண்டு மூன்று வருடம் ஊட்டி வளர்க்கும், அதற்குள் மேலே ஒட்டிய துண்டு தானே சொந்த வேர் விட்டுக்கொள்ள வேண்டும். அதனால்தான் வீட்டில் நடும்போது ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்குக் கீழே நாலு முதல் ஆறு அங்குலம் போகும்படி ஆழமாக நட வேண்டும். மற்ற ஒட்டுச் செடிகளில் ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும் என்போம், இதில் நேர் எதிர்.

முதல் வசந்தத்தில் என் வரிசையில் சில செடிகளில் அடியிலிருந்து சிவப்பாக, கொழுகொழுவென்று முளை வந்தது. நல்லா வருகிறதே என்று சந்தோஷப்பட்டு விட்டுவிட்டேன். ஓபாசான் வந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து, இரண்டு இலையைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று பளபளப்பாக, பிளவு இல்லாமல். மற்றது மங்கலாக, நுனி வாத்துக்கால் மாதிரிப் பிளந்து. பளபளப்பானது தங்கச்சியின் இலை. அதை வளரவிட்டால் வேர் தன் பிள்ளையைத்தான் வளர்க்கும், மேலே ஒட்டினது பட்டினி கிடந்து செத்துப்போகும். மண்ணைத் தோண்டி, முளை வேரில் பிறக்கிற இடத்தில் பிய்த்து எடுக்க வேண்டும், மேலோடு வெட்டினால் திரும்ப வரும். அன்றைக்கு என் வரிசை முழுக்க முட்டிபோட்டுத் தோண்டினேன். ஏழு செடி காப்பாற்ற முடியவில்லை. ஜப்பானில் வீட்டுக்கு வாங்கிப்போனவர்களும் "வாங்கும்போது மஞ்சள், இப்போது வேறு பூ பூக்கிறது" என்று வந்து கேட்பது இதனால்தான்.

பூத்து முடிந்ததும் ஜூன் மாதத்தில் மொட்டுக் கிள்ளும் வேலை. கிளையில் மேலே இருக்கிற மொட்டுகளைக் கிள்ளிவிட்டு அடியில் இரண்டை மட்டும் விடுவோம், அப்போதுதான் அடுத்த வருடம் செடி உயரமாக ஓடாமல் அடக்கமாகப் பூக்கும். என் கை வேகத்தைப் பார்த்து எல்லாரும் எங்கே கற்றாய் என்று கேட்டார்கள். லீவு நாளில் அம்மாவோடு கொழுந்து நிரையில் நின்ற கை அப்பா இது. பூத்த பிறகு ஒரு தடவை உரம் போடுவார்கள், அதற்கு நன்றி உரம் என்று பெயர். பூவைத் தந்த செடிக்கு நன்றி. புண்ணாக்கும் எலும்புத்தூளும்தான் போடுவார்கள். இந்தச் சொல்லை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

இப்போது வாங்குகிற காலம், இலையுதிரில்தான் நட வேண்டும், அதனால் சனி ஞாயிறில் ஆட்கள் காரில் வருகிறார்கள். எல்லாரும் முதலில் பூப் படத்தைத்தான் பார்ப்பார்கள். நான் அடியைப் பார்க்கச் சொல்வேன். ஒரு வருடக் கன்று மலிவு, ஆனால் பூவுக்கு மூன்று நான்கு வருடம் காத்திருக்க வேண்டும், மூன்று வருடக் கன்றில் ஒட்டுக்கு மேலே சொந்த வேர் வந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். ஒற்றைத் தண்டை விட இரண்டு மூன்று தண்டு நல்லது. நுனி மொட்டு தடித்து இருந்தால் பூ, ஒல்லியாக இருந்தால் வெறும் இலை. முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு நான் சிவப்பில் தையோ என்கிற வகையை எடுத்துக் கொடுப்பேன், முரட்டுச் செடி, சீக்கிரம் சோர்ந்துபோகாது. மஞ்சள் வேண்டுமென்றால் ஹைநூன், அது சில வருடம் கோடையில் இரண்டாம் தடவையும் ஒன்றிரண்டு பூக்கும். கின்காக்கு என்று இன்னொரு மஞ்சள் உண்டு, ஓரத்தில் சிவப்பு, படத்தில் அதைப் போல அழகான பூ வேறு இல்லை, ஆனால் இதழ் பாரத்தில் தலை கவிழ்ந்துவிடும், கீழே உட்கார்ந்து தூக்கிப் பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்தது ஷிமானிஷிக்கி. சிவப்பில் வெள்ளை வரி, ஒரே செடியில் இரண்டு பூ ஒரே மாதிரி வராது. நான் உங்களுக்கு அனுப்பிய படம் அதுதான்.

பூக்கிற நாட்களைச் சொல்லாமல் விட மனமில்லை. ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம். சாப்பாட்டுத் தட்டு அகலம் ஒரு பூ, இதழ் அம்மாவின் வொயில் சேலை மாதிரி மெல்லிசு, விடிந்ததும் விரிந்து சாயங்காலம் லேசாகக் கூம்பும். வெயிலும் மழையும் படாமல் ஒவ்வொரு பூவுக்கும் காகிதக் குடை பிடித்து வைப்பார்கள். அந்த நாட்களில் தீவில் உள்ள யூஷியென் தோட்டத்தில் 30,000 பூவைப் பறித்துக் குளத்தில் மிதக்கவிடுவார்கள், தண்ணீரே தெரியாது. ஐந்தாறு நாளில் ஒரு பூவின் ஆயுள் முடிந்துவிடும்.

அந்த ஐந்தாறு நாளுக்கு அதற்கு முழு மாரி வேண்டும் அப்பா. ஜனவரியில் நம் பக்கம் பனி விழுந்து கொழுந்து கருகுகிறதே, அது குளிர் இல்லையா என்று கேட்பீர்கள். அது விடியற்காலைக் குளிர். பத்து மணிக்கு வெயில் ஏறினால் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவோம். இங்கே ஜனவரியில் நடுப்பகலிலேயே எட்டு டிகிரி அளவுதான், வாரக்கணக்கில், மாதக்கணக்கில். அந்த நீளமான குளிரை அனுபவித்தால்தான் மொட்டு தூக்கத்திலிருந்து எழும்பும். இலையைக் கொட்டுவதா வைத்திருப்பதா என்றே நம் மலையில் அதற்குத் தெரியாது.

மண்ணும் ஒத்துவராது. மண்ணின் புளிப்பை அளக்கிற pH கணக்கில் தேயிலைக்கு நாலரை முதல் ஐந்தரை வரையான புளிப்பு மண் வேண்டும், இதற்குப் புளிப்பு ஆகாது, ஏழுக்குக் கிட்ட வேண்டும். நம் வாசலில் ஹைட்ரேஞ்சியா அவ்வளவு நீலமாகப் பூப்பதே மண் புளிப்பு என்பதற்குச் சாட்சி. இங்கேயும் எரிமலை மண் கொஞ்சம் புளிப்புத்தான், அதற்காக நடுவதற்கு முன் ஒரு வெள்ளைப் பொடி போடுவார்கள், மூட்டையைப் பிரித்ததும் தெரிந்துகொண்டேன், நீங்கள் கவ்வாத்து மலையில் தூவுகிற அதே டோலமைட். ஆனால் வாசலில் ஒரு குழியை மாற்றலாம், மேலேயிருந்து வடிந்து வருகிற மழைத்தண்ணியை மாற்ற முடியாது. அந்த மழையில் சாம்பல் பூஞ்சணம் பிடித்துத் தண்டு அப்படியே தொங்கிப்போகும், தேயிலையில் கொப்புள நோய்க்கு அடிக்கிற மாதிரிச் செம்பு மருந்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு மண்ணோடு செடியை அனுமதிப்பத்திரம் இல்லாமல் கொண்டுவரவும் முடியாது. இவ்வளவு செய்து ஒரு நாள் நீங்கள் பூக்காத குச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்பதை என்னால் நினைக்க முடியவில்லை.

குழியை மூட வேண்டாம். அதில் கமேலியா வையுங்கள். இங்கே சுபாக்கி என்பார்கள், மாரியில் வீட்டுக்கு வீடு பூத்து நிற்கும். அது தேயிலையின் சொந்தக்காரி அப்பா, ஒரே குடும்பம், தேயிலைக்கே கமேலியா சினென்சிஸ் என்றுதான் பெயர். கவ்வாத்துக்கு முன்னால் தேயிலை பூக்குமே, வெள்ளையாக, நடுவில் மஞ்சள் தூளோடு, அதைப் பெரிசாக்கி ரோஸ் நிறம் கொடுத்தால் கமேலியா. நம் புளிப்பு மண், நம் பனி, நம் மூடுமழை, எல்லாம் அதற்குச் சரி. துரை பங்களா வேலி ஓரத்தில் ஒரு மரம் இருக்கிறது, இதழ் இதழாக உதிராமல் முழுப் பூவாக விழும், சின்ன வயதில் நான் பொறுக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுப்பேன். அது கமேலியா என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

பங்களா தோட்டக்கார மாமாவிடம் கேட்டு முற்றாத, பிஞ்சுமில்லாத கிளையில் ஐந்தாறு துண்டு வாங்குங்கள். தேயிலைக் கன்று போடுகிற மாதிரியே, ஒரு இலையோடு, பையில் அடிமண் போட்டு, நிழலில், மேலே பொலித்தீன் மூடி வையுங்கள். வேர் பிடிக்க மூன்று மாதமாவது ஆகும். குழியில் வைக்கும்போது பொத்தான் மாதிரி ஆழமாக இறக்க வேண்டாம், பையில் இருந்த மட்டத்திலேயே இருக்கட்டும், வேர் மேலாகத்தான் ஓடும்.

போன மாதம் போனில் நான் டோலமைட் என்று சொன்னது உங்களுக்குக் காதில் விழுந்ததா தெரியவில்லை. குழியில் போட்டிருந்தால் அந்த மண்ணை அள்ளி லீக்ஸ் பாத்திக்குக் கொட்டிவிட்டு, பழைய தேயிலை ஓரத்திலிருந்து நாலு கூடை மண் கொண்டுவந்து நிரப்புங்கள். ஏப்ரலில் லீவில் வருகிறேன், நாம் இரண்டு பேருமாக நடலாம்.

உங்கள் அன்பு மகள்,
பெரியவள்