ஒளிப்பதிவாளரின் வருமானம்: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிறைவடையும் ஆண்டில் செயற்குழு மாதந்தோறும் கூடியது. கூட்டக் குறிப்புகள் உறுப்பினர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றை இங்கே திரும்பப் படித்து உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. சென்ற பொதுக்குழுவில் இளைய உறுப்பினர்கள் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். ஒரே மாதிரியான கேமரா, ஒரே அளவு வேலை நேரம் என்றிருந்தும் ஒருவர் வாங்கும் தொகை இன்னொருவர் வாங்குவதைவிடப் பல மடங்காக இருப்பது ஏன் என்பதே அக்கேள்வி. செயற்குழு அதனையே இவ்வாண்டின் முதன்மைப் பணியாக எடுத்துக்கொண்டது. உறுப்பினர்கள் தாமாக முன்வந்து, பெயர் விவரங்களை நீக்கிக் கொடுத்த கொட்டேஷன்களையும் பில்களையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். அந்த ஒப்பீட்டின் முடிவுகளே இவ்வறிக்கையின் பெரும்பகுதி.

முதலில் கண்ணில் பட்டது, நம்மில் பலர் நாள் கட்டணத்தையும் வருமானத்தையும் ஒன்றாகவே எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பது. சுயமாகத் தொழில் செய்பவர் ஒருவர் ஆண்டுக்கு 90 நாட்கள் படப்பிடிப்புக்குச் செல்கிறார் என்று கொள்வோம். ஒவ்வொரு நாள் பதிவுக்கும் காட்சிகளைப் பிரித்து அடுக்குதல், படத்தொகுப்பு, வண்ணத் திருத்தம், ஒலிச் சீரமைப்பு, வாடிக்கையாளர் கேட்கும் மாற்றங்கள் என இரண்டு நாட்கள் பிடித்தால், அவை மட்டும் 180 நாட்கள். ஆக மொத்தம் 270 நாள் உழைப்பு, 90 நாள் கட்டணத்தில் அடங்கிவிடுகிறது. வேலை தேடி அலையும் நாட்களும் இடம் பார்க்கப் போகும் நாட்களும் இக்கணக்கில் இல்லை. மாதச் சம்பளம் பெறுபவரின் ஒரு நாள் ஊதியத்தைப் போல மூன்று மடங்கை நாள் கட்டணமாக வாங்குபவர், செலவுகளைக் கழிப்பதற்கு முன்பே, அவருக்குச் சமமாகத்தான் நிற்கிறார். விடுப்புச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்பு ஆகியவற்றைச் சம்பளக்காரருக்கு நிறுவனம் ஓரளவு பார்த்துக்கொள்ளும். நாம் நம் கையிலிருந்தே போட்டுக்கொள்ள வேண்டும். இக்கணக்கைச் செயற்குழுக் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, நீண்ட காலம் தொழிலில் இருக்கும் மூத்த உறுப்பினர்களே சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள்.

அடுத்தது கருவிகளின் செலவு. கேமரா வாங்கிய பணம் முதலீடுதானே, அதைக் கட்டணத்தில் ஏன் சேர்க்க வேண்டும் என்று வாதிட்ட உறுப்பினர்கள் உண்டு. கேமரா உடல் நான்கு ஆண்டுகள் பயன்படும் என்றும், ஆண்டுக்கு 80 படப்பிடிப்புகளில் அது வேலை செய்யும் என்றும் வைத்துக்கொண்டால், அதன் விலையை 320ஆல் வகுத்து வரும் தொகையை ஒவ்வொரு படப்பிடிப்பிலிருந்தும் எடுத்து வைத்தாக வேண்டும். அப்படி எடுத்து வைக்காதவர் ஐந்தாம் ஆண்டில் கடன் வாங்கித்தான் அடுத்த கேமராவை வாங்குவார். லென்ஸ்கள் கேமரா உடலைவிட நீண்ட காலம் உழைக்கும். மின்கலங்களும் மெமரி கார்டுகளும் அதைவிட விரைவில் தேய்ந்துபோகும். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே தேய்மானக் கணக்கு பொருந்தாது. உழைப்புக்கான தொகையையும் கருவி வாடகையையும் பில்லில் இரு வரிகளாகப் பிரித்து எழுதும் உறுப்பினர்கள், கட்டணத்தைக் குறைக்கச் சொல்லும் வாடிக்கையாளரிடம் எளிதாகப் பேசுகிறார்கள் என்பதையும் கண்டோம். 'டிரோன் வேண்டாம் என்றால் அந்த வரியை எடுத்துவிடலாம்' என்று சொல்ல முடிகிறது. உழைப்பின் விலையில் கை வைக்க வேண்டியதில்லை.

சேமிப்பகத்தின் செலவைப் பெரும்பாலோர் கணக்கிலேயே எடுப்பதில்லை. வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு செய்யும் கேமரா ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 45 ஜிபி எழுதுகிறது. இரண்டு கேமராக்கள் பத்து மணி நேரம் தொடர்ந்து ஓடினால் 900 ஜிபி. பாதுகாப்புக்காக இன்னொரு பிரதி எடுத்தால் ஒரே நிகழ்ச்சிக்கு 1,800 ஜிபி இடம் வேண்டும். முழு எச்டி படத்தைவிட 4கே படத்தில் நான்கு மடங்கு புள்ளிகள் இருப்பதால், தொகுக்கும் கணினியின் திறனும் அதற்கேற்ப உயர வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர் '4கேயில் கொடுங்கள்' என்று ஒரு சொல்லில் கேட்டுவிடுகிறார். அச்சொல் ஹார்டு டிஸ்க்கில் எவ்வளவு இடத்தை விழுங்குகிறது என்பது நமக்குத்தான் தெரியும். மூலக் காட்சிகளை எத்தனை மாதம் வைத்திருப்போம், அதன் பிறகு வைத்திருக்க வேண்டுமானால் என்ன தொகை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதும் பழக்கம் மிகச் சிலரிடமே இருக்கிறது.

இனி, கட்டணங்களின் வேறுபாட்டுக்கு வருகிறேன். அனுபவம், நகரத்தின் வாழ்க்கைச் செலவு, போட்டியாளர்களின் எண்ணிக்கை ஆகியவை வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்பது எல்லோரும் அறிந்ததே. இவற்றைவிட வலுவான காரணமாக எங்களுக்குப் பட்டது, வேலை வரும் வழியில் ஒருவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பது. வாடிக்கையாளரிடம் நேராக வேலை எடுப்பவர் முழுத் தொகையைப் பெறுகிறார். அதோடு படத்தொகுப்பு, தாமதம், பாக்கி, புகார் என்று எல்லாப் பொறுப்புகளும் அவர் தலையில் விழுகின்றன. விளம்பர முகமை வழியாக வேலை எடுப்பவர் அம்முகமையின் பங்கு போக மீதியைப் பெறுகிறார். மற்றொரு ஒளிப்பதிவாளரிடம் ஒரு நாளைக்கு மட்டும் இரண்டாம் கேமராவாகப் போகிறவர், கார்டைக் கொடுத்துவிட்டு மாலையில் வீடு திரும்புகிறார். அவருடைய நாள் கட்டணம் குறைவு, ஆனால் அது அந்த ஒரு நாளுக்கே உரியது. நேரடி வாடிக்கையாளருக்குச் சொல்லும் தொகையையும் இரண்டாம் கேமராக்காரர் வாங்கும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒருவர் மற்றவரைச் சுரண்டுகிறார் என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. சுரண்டல் நடக்கும் இடங்களும் உண்டு. இரண்டாம் கேமராவாக அழைத்துவிட்டு, சொந்தக் கருவிகளையும் கொண்டுவரச் சொல்லி, வாடகை தராமல் விடுவது அவற்றுள் ஒன்று.

எந்தத் துறைக்காகப் படம் எடுக்கிறோம் என்பதும் பெரிய காரணம். நிறுவனங்களின் பயிற்சிப் படங்கள், மருத்துவ அறுவைப் பதிவுகள், தொழிற்சாலைப் படங்கள் ஆகியவற்றுக்குத் தனிப் பழக்கமும் சில இடங்களில் முன் அனுமதியும் தேவைப்படுவதால், அங்கே போட்டியாளர்கள் குறைவு. கட்டணம் நிலையாக இருக்கிறது. திருமணப் பதிவில் தேவை மிகுதி, அதே அளவு போட்டியும் மிகுதி. ஆண்டின் சில மாதங்களில் நாள் கிடைக்காது, வேறு சில மாதங்களில் வேலை கிடைக்காது. தவறவிட்ட காட்சியைத் திரும்ப எடுக்க வழியில்லாத வேலை என்பதால், அதற்கான கட்டணத்தில் பொறுப்பின் விலையும் அடங்கியிருக்கிறது. செய்தித் துறையில் மாதச் சம்பளம் உறுதி, உச்ச வரம்பும் உறுதி. விளம்பரப் படங்களில் வேலை நாட்கள் குறைவாக இருந்தாலும் தொகை பெரிது; காரணம், அங்கே படம் எடுத்த உழைப்பைத் தாண்டி, அப்படத்தை எத்தனை காலம், எந்த ஊடகத்தில், எந்த எல்லைக்குள் பயன்படுத்தலாம் என்ற உரிமைக்கும் விலை உண்டு.

இந்த உரிமை பற்றிய அறியாமையால் நம் உறுப்பினர்கள் இழக்கும் தொகை சிறிதன்று. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு உடன்பாடான 1886ஆம் ஆண்டின் பெர்ன் ஒப்பந்தத்தை ஏற்ற நாடுகளில், பதிப்புரிமையை அனுபவிக்கப் பதிவு செய்தல் போன்ற நடைமுறைகள் எவையும் தேவையில்லை. ஆனால் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர் எடுத்தவரா, எடுக்கச் சொன்னவரா என்பது நாட்டுக்கு நாடு மாறுபடும். ஊழியராக எடுத்த படத்துக்கும் சுயதொழிலராக எடுத்த படத்துக்கும் விதி வேறு. எழுத்தில் ஒன்றும் இல்லாதபோது தகராறு வந்தால் இரு தரப்பும் சட்டத்தைத் தமக்கேற்ற வகையில் படிக்கின்றன. ஓர் உறுப்பினர் உள்ளரங்கக் கூட்டத்தில் போட்டுக்காட்ட எடுத்துக் கொடுத்த படத்தை, அந்நிறுவனம் பின்னர் தன் பொது விளம்பரமாகவே ஓடவிட்டது. 'அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற மூன்று சொற்களைக்கூட பில்லில் எழுதாததால் அவரால் கூடுதல் தொகை எதையும் வாதாடிப் பெற முடியவில்லை. இசையிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு பாடலின் இசையமைப்புக்கு ஓர் உரிமை, அதன் ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை. வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காகப் பின்னணியில் சேர்த்துவிட்டால், இணையத் தளங்களில் படம் முடக்கப்படும்போது மறுபடி தொகுக்கும் நாள் நம் கணக்கில்தான் எழுதப்படும்.

சங்கமே குறைந்தபட்சக் கட்டணப் பட்டியலை அச்சிட்டு, அதற்குக் கீழே யாரும் வேலை எடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்த வேண்டும் என உறுப்பினர்கள் பலர் கடிதம் கொடுத்தார்கள். அவர்களுடைய ஆதங்கம் புரிகிறது. எனினும் செயற்குழு அதை ஏற்கவில்லை என்பதைக் காரணத்துடன் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். சுயதொழில் செய்வோரைத் தனித்தனி வணிக நிறுவனங்களாகக் கருதும் போட்டிச் சட்டங்கள் பல நாடுகளில் உள்ளன. அங்கே அவர்கள் கூடி விலையை முடிவு செய்வது, வணிகர்கள் சேர்ந்து விலையை உயர்த்துவதற்கு ஒப்பாகவே பார்க்கப்படும். நெதர்லாந்தில் இசைக்குழுக்களில் மாற்றாளாக வாசித்த சுயதொழில் இசைக்கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் குறைந்தபட்சக் கட்டணம் பேசிய வழக்கில், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு, பெயரளவில் மட்டும் சுயதொழிலராக இருந்து உண்மையில் ஊழியரின் நிலையில் உள்ளவர்களுக்கே போட்டிச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு என்று கூறியது. 2022இல் ஐரோப்பிய ஆணையம் தனியாளாக உழைக்கும் சுயதொழிலரின் கூட்டு ஒப்பந்தங்களுக்குச் சற்று இடம் கொடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சட்டம் மெல்ல மாறுகிறது என்பதற்கு இது சான்று; ஆயினும் சட்ட ஆலோசனை இல்லாமல் பட்டியல் அச்சிடும் துணிச்சல் ஒரு சிறிய சங்கத்துக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. விலையைச் சொல்லிக் கொடுப்பதற்குப் பதிலாக, ஒவ்வொருவரும் தம் செலவிலிருந்து தம் விலையைக் கண்டறியும் கணக்குத் தாளைத் தயாரித்துள்ளோம். அது அரங்கின் வாயிலில் வைக்கப்பட்டுள்ளது.

செல்பேசி கேமராக்களால் தொழில் அழிகிறது என்ற கவலையும் விவாதிக்கப்பட்டது. 2008இல் கேனான் 5டி மார்க் 2 வெளிவந்து, புகைப்படக் கேமராவிலேயே முழு எச்டி படம் எடுக்க முடிந்தபோதும் இதே கவலை எழுந்தது. அப்போது நுழைவுச் செலவு சரிந்தது, புதியவர்கள் வந்தார்கள், கருவி வைத்திருப்பதற்காக மட்டும் கிடைத்துவந்த கூடுதல் தொகை மறைந்தது. இப்போதும் அதுவே நடக்கிறது. நீளவாக்கில் குறும்படங்களைச் செல்பேசியிலேயே எடுத்து அன்றே கொடுக்கும் வேலை தனிப் பிரிவாக வளர்ந்திருக்கிறது. அதன் ஒரு வேலைக்கான தொகை சிறியது, ஆனால் மாதந்தோறும் தொடர்ந்து வருவது. ஒலியை ஒழுங்காகப் பதிவு செய்யத் தெரிந்தவருக்கு இன்றும் தனி மதிப்பு இருக்கிறது. படம் சற்று மங்கினால் பொறுத்துக்கொள்ளும் பார்வையாளர், பேச்சு கேட்காவிட்டால் உடனே விலகிவிடுகிறார். அதனால்தான் இவ்வாண்டுப் பயிற்சி வகுப்புகளை மைக் பயன்பாட்டுக்கும் ஒலிச் சீரமைப்புக்கும் ஒதுக்கினோம்.

பாக்கித் தொகை குறித்த புகார்களே இவ்வாண்டும் சங்கத்துக்கு அதிகம் வந்தன. முன்பணம் வாங்காமல் தொடங்கியவை, நாள் ரத்தானால் என்ன என்று எழுதாதவை, எத்தனை முறை திருத்தம் செய்து தருவோம் என்று வரையறுக்காதவை ஆகிய மூன்று வகைக்குள் பெரும்பாலானவை அடங்கிவிடுகின்றன. 'ஒரு நாள்' என்றால் எத்தனை மணி நேரம் என்பதையும் எழுத வேண்டும். காலை ஆறு மணிக்குத் தொடங்கி நள்ளிரவில் முடியும் வேலைக்கும் அரை நாள் வேலைக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்திவிட்டுப் பிறகு கூடுதல் நேரத்துக்குக் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். இவற்றையெல்லாம் கொண்ட மாதிரி ஒப்பந்தத்தை வழக்கறிஞர் ஒருவரின் உதவியோடு இரண்டு பக்கங்களுக்குள் தயாரித்துள்ளோம்.

பெண் உறுப்பினர்களின் பில்களைத் தனியே பார்த்தபோது, படத்தொகுப்பு வேலைகளுக்கே அவர்கள் மிகுதியாக அழைக்கப்படுவதும், தலைமைக் கேமரா வாய்ப்பு அரிதாகவே வருவதும் தெரிந்தது. உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வேலை பரிந்துரைக்கும்போதே இந்த ஒதுக்கல் தொடங்கிவிடுகிறது என்பதால், சங்கத்தின் பரிந்துரைப் பட்டியலைப் பெயர் வரிசைக்குப் பதிலாக வேலைத் திறன் வரிசையில் மாற்றியமைத்துள்ளோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இரண்டு தீர்மானங்களைச் செயற்குழுவின் சார்பில் முன்மொழிகிறேன். முதலாவது, மாதிரி ஒப்பந்தத்தைச் சங்கத்தின் அதிகாரபூர்வப் படிவமாக ஏற்பது. இரண்டாவது, பெயர் நீக்கிய பில்களை ஆண்டுதோறும் திரட்டி ஒப்பிடும் பணியைத் தொடர்வதற்கு மூவர் குழுவை அமைப்பது. அக்குழுவில் சுயதொழிலர், மாதச் சம்பளக்காரர், இரண்டாம் கேமராவாகப் பணிபுரிபவர் என ஒவ்வொரு தரப்பிலிருந்தும் ஒருவர் இருக்க வேண்டும். இவ்வறிக்கையையும் இவ்விரு தீர்மானங்களையும் விவாதித்து நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்