எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: நூல் நூற்பதும் பானை சுடுவதும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை முதல் உங்கள் பிள்ளைகள் பள்ளி வளாகத்தில் நூல் நூற்று, பானை வனைந்து சுடப் போகிறார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

சமீபத்தில் பிள்ளைகளை ஆதிச்சநல்லூருக்கு அழைத்துப் போயிருந்தோம். 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டிய இடம். பிறகு தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ வந்து தோண்டினார். 2004-இல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளைக் குழியிலேயே விட்டு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு மாணவி, "பானை உள்ளே கறுப்பா, வெளியே சிவப்பா இருக்கே, ரெண்டு தடவை சுட்டாங்களா சார்?" என்று கேட்டாள். ஒரே சூட்டில் வரும், கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாமல் கறுக்கும், காற்றுப் படும் வெளிப்புறம் சிவக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். சொல்லிவிட்டேன். ஆனால் அவள் முகத்தில் சந்தேகம் போகவில்லை. சரி, சுட்டே பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

இதற்குப் பரிசோதனைத் தொல்லியல் என்று பெயர். இங்கிலாந்தின் பட்சர் பண்ணையில் 1972 முதல் இரும்புக்கால வீடுகளைக் கட்டியும், குழி வெட்டித் தானியம் சேமித்தும் பார்த்து வருகிறார்கள். பழைய தக்களிகளை, அதாவது கையால் சுழற்றி நூல் நூற்கும் கருவிகளை, அப்படியே செய்து நூற்றுப் பார்த்தவர்களும் உண்டு. தக்களிக் குச்சியில் செருகும் வட்டின் கனம் குறைந்தால் மெல்லிய நூலும், கூடினால் தடித்த நூலும் வருகிறது என்று அவர்கள் கண்டார்கள். நம் மண்ணில் துணி மட்கிவிடும், சுட்ட மண் வட்டு மட்காது. அப்படியானால் கீழடியில் கிடைத்த தக்களி வட்டுகளை நிறுத்துப் பார்த்தே, அங்கே எப்படிப்பட்ட நூல் நூற்றிருப்பார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம். கையில் துணியே இல்லாமல் துணியைப் பற்றிப் பேச முடிகிறது! எனக்கு இதில் தீராத வியப்பு.

பிள்ளைகள் களிமண் வட்டு செய்து, சுட்டு, நடுவில் ஈர்க்குச்சி செருகிச் சுழற்றுவார்கள். பஞ்சு கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் விளைந்த கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி. கொட்டை எடுத்து, விரலால் பிரித்து, பஞ்சை இழுத்துக்கொண்டே முறுக்கேற்ற வேண்டும். ஒரு நொடி கவனம் போனால் நூல் அறுந்து தக்களி தரையில் விழும். ஓரிடம் கயிறு மாதிரியும், அடுத்த சாணில் முடி மாதிரியும் வரும். வரட்டும். தயவுசெய்து வீட்டில் நீங்கள் நூற்றுக் கொடுத்து அனுப்பாதீர்கள், கடையில் வாங்கியும் தராதீர்கள். அறுந்த நூலையும் நோட்டில் ஒட்டி, வட்டின் எடையைப் பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறோம். அதுதான் பாடம்.

காருகுறிச்சியிலிருந்து மண்பாண்டக் கலைஞர் ஒருவர் வந்து சூளை அடுக்குவார். நெருப்பு மூட்டுவது அவரும் ஆசிரியர்களும்தான். பிள்ளைகள் தள்ளித்தான் நிற்பார்கள்.

உங்கள் வீட்டு ஆச்சி, தாத்தா யாருக்காவது இராட்டையோ தறியோ பழக்கமா? பத்தமடையில் பாய் முடைந்த கை உண்டா? அவர்களைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். நாற்காலி போட்டு வைக்கிறோம், வெயிலில் உட்கார வைக்க மாட்டோம். எங்கள் ஆசிரியர்களில் யாருக்கும் பாய்க்கான கோரைப் புல்லைக் கீறத் தெரியாது.

பிள்ளைகளுக்குப் பழைய உடுப்புப் போட்டு அனுப்புங்கள். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும், மதியச் சாப்பாடு பள்ளியிலேயே. சூளை ஆற ஒரு ராத்திரி ஆகும் என்பதால் ஞாயிறு காலையில்தான் அதைப் பிரித்துப் பானைகளை எடுப்போம். பார்க்க விரும்பும் பெற்றோர் அப்போதும் வரலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்