கோடைக் கப்பலுக்கும் ஒரு புயல் கூண்டு வேண்டும்

கரீபியன் கடலில் சொகுசுக் கப்பல்களை இயக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

வரும் கோடைக்கான உங்கள் விற்பனை அறிவிப்பு சென்ற வாரம் என் மின்னஞ்சலுக்கு வந்தது. வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, அலையில்லாத நீலக் கடல், கீழே ஒரு தள்ளுபடி விலை. ஜூலையில் ஏழு இரவுப் பயணம்; டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் ஏறி ஜமைக்கா, கிராண்ட் கேமன், மெக்சிகோவின் கொசுமெல் தீவு பார்த்துத் திரும்பலாமாம். இதே மூன்று பெயர்களை நம்பி, 2024 ஜூன் 30 அன்று மனைவி, இரண்டு பிள்ளைகள், நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த என் பெற்றோர் என ஆறு பேராக உங்களில் ஒருவரின் கப்பலில் ஏறியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எந்த நிறுவனம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. உங்கள் பயண ஒப்பந்தங்களைப் படித்த வரையில், நீங்கள் எல்லோரும் ஒரே மைக்கூட்டில் தொட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பதையோ, ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அது உச்சத்தில் இருக்கும் என்பதையோ நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அது உங்கள் தொழில். என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: உங்களுக்குத் தெரிந்ததை, பணம் வாங்கும் முன் எங்களுக்கும் தெரியும்படி எழுதுங்கள், கப்பல் புறப்படும் முன்பே புயலின் பாதை பயணப் பாதையின் மேல் விழுந்துவிட்டால், வேறு தேதிக்கு மாறிக்கொள்ள அபராதமின்றி விடுங்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரில் புயல் ஜூலை 1 அன்று கிரெனடாவைச் சேர்ந்த கரியாகூ தீவில் கரையேறியது. ஜூலை 3 அன்று ஜமைக்காவின் தென்கரையை உரசிச் சென்றது. 4 அன்று கேமன் தீவுகளுக்குத் தெற்கே கடந்தது. 5 அன்று மெக்சிகோவின் யுகாட்டான் தீபகற்பத்தில் துலும் அருகே கரையேறியது. எங்கள் பயணச் சீட்டில் இருந்தது இது: 3 அன்று ஜமைக்காவின் ஃபால்மத், 4 அன்று கிராண்ட் கேமன், 5 அன்று கொசுமெல். பயண முகவர் ஒருவர் உட்கார்ந்து அந்தப் புயலுக்குச் சுற்றுலா அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருக்காது.

இது யாருக்கும் தெரியாமல் வந்த புயல் அன்று. நாங்கள் பெட்டிகளை ஒப்படைத்துக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையே அது, ஐந்து வகை கொண்ட சூறாவளி அளவுகோலில் நான்காம் வகையை எட்டியிருந்தது. ஜூன் மாதத்தில் அட்லாண்டிக்கில் அந்த வலிமையைத் தொட்ட முதல் புயல் அதுதான். மயாமியில் உள்ள தேசியச் சூறாவளி மையத்தின் வரைபடத்தில், வரும் புதன்கிழமைக்கான புள்ளி ஜமைக்காவை ஒட்டி நின்றது. முந்தைய நாளே உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, இரண்டு வாரம் தள்ளிப் போகலாமா என்று கேட்டேன். முழுத் தொகையும் போய்விடும், கப்பல் திட்டப்படி புறப்படும், மாற்றம் ஏதும் இருந்தால் கப்பலில் அறிவிப்போம் என்று மிகுந்த பணிவோடு பதில் வந்தது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். ஏறுபாலத்தை எடுத்து, கயிறு அவிழ்த்து, கால்வெஸ்டன் கரை கண்ணுக்கு மறைந்த பிறகு, மாலையில் ஒலிபெருக்கியில் அறிவித்தீர்கள். ஜமைக்காவும் கேமனும் இல்லை. கொசுமெல் மட்டும் செவ்வாய்க்கிழமைக்கு முன்னுக்கு நகர்த்தப்பட்டது. மீதி நான்கு நாளும் கடலில். பாதையை மாற்றிய தலைமை மாலுமியை நான் ஒரு சொல்லும் குறை கூறமாட்டேன். அவர் செய்ததுதான் சரி. ஆனால் மாலையில் அவருக்குத் தெரிந்திருந்த செய்தி காலையில் உங்களுக்குத் தெரியாமல் இருந்தது என்று நம்புவதற்கு, நான் நாகப்பட்டினத்தில் பிறக்காமல் இருந்திருக்க வேண்டும்.

அந்த நான்கு நாட்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல அனுமதியுங்கள். விலை குறைவு என்பதால் என் பெற்றோருக்கு நான் எடுத்திருந்தது கப்பலின் முன்பகுதியில், சன்னல் இல்லாத உள் அறை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு, மெக்சிகோ வளைகுடாவுக்குள் புயல் நுழைந்த பிறகு, எவ்வளவு விலகி நின்றும் கப்பல் மெல்ல மெல்ல ஆடத் தொடங்கியது. அறுபத்தெட்டு வயதான என் அம்மாவுக்கு இரண்டு முறை வாந்தி எடுத்த பின் அந்த அறையில் படுக்க முடியவில்லை. நடுக்கப்பலில் ஆட்டம் குறைவாக இருக்கும் என்று யாரோ சொல்ல, ஐந்தாம் தளத்தில் மாடிப்படியை ஒட்டிய கம்பளத்தில், புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, உணவுக்கூடத்தில் கேட்டு வாங்கிய எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிலும் இன்னும் இருபது பேராவது அப்படி உட்கார்ந்திருந்தார்கள். பணியாளர் ஒருவர் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்து, சிறு சிறு துண்டாகத் தின்னச் சொன்னார். குமட்டலுக்குக் கப்பல்காரர்களின் கைவைத்தியம் அதுவாம். அந்த நல்ல மனிதருக்கு நன்றி. அம்மா வாய் திறந்து குறை சொல்லவில்லை. "இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிக்கிட்டு வந்திருக்கியே தம்பி" என்று மட்டும் மறுநாள் காலை சொன்னார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

அப்பா வேறு வகை. அறைத் தொலைக்காட்சியில் கப்பலின் இருப்பிடத்தைக் காட்டும் வரைபடத்தைக் காலையும் மாலையும் பார்த்துவிட்டு, "ஊரில் இந்நேரம் பத்தாம் எண் கூண்டு ஏற்றியிருப்பார்கள்" என்றார். உங்களுக்கு இது புரியாது என்பதால் விளக்குகிறேன். எங்கள் ஊர்த் துறைமுகத்தில் ஒரு கம்பம் உண்டு. வங்கக் கடலில் தொலைவில் தாழ்வு மண்டலம் உருவானாலே ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு அதில் ஏறும். ஆபத்து நெருங்க நெருங்க எண் கூடும். படகுக்காரர், மீன் வாங்க வருபவர், பள்ளிப் பிள்ளை, எழுதப் படிக்கத் தெரியாதவர் என எல்லோருக்கும் அது விளங்கும். 1977 நவம்பர் புயலையும் 2018 நவம்பரில் வந்த கஜாவையும் பார்த்த அப்பா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஐப்பசி கார்த்திகையில் வாருங்கள், கடலில் சுற்றிக் காட்டுகிறோம் என்று நாம் யாரையாவது விருந்துக்கு அழைப்போமா?"

நீங்கள் அழைக்கிறீர்கள். அதில்தான் என் மனத்தாங்கல். டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் கரீபியனில் மழையும் புழுக்கமும் குறைந்த, புயல் பயமற்ற காலம் என்பது உங்கள் விலைப்பட்டியலுக்குத் தெரிகிறது. மே வந்ததும் உங்கள் கப்பல்களில் பலவற்றை அலாஸ்காவுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் திருப்பிவிடுகிறீர்கள். பருவம் பார்க்கத் தெரியாதவர்கள் செய்கிற காரியமா அது? விற்கும் காலத்தைப் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை தள்ளுபடி. ஏப்ரலுக்குள் முழுத் தொகையும் கட்டியாக வேண்டும். அமெரிக்க அரசின் பருவ முன்னறிவிப்பு வருவதோ மே இறுதியில். 2024 மே 23 அன்று வந்த அறிக்கை 17 முதல் 25 வரை பெயரிடப்பட்ட புயல்கள் வரலாம் என்றது. மே மாதத்தில் அந்த அமைப்பு அதுவரை சொன்னவற்றில் அதுவே மிக அதிகம். என் பணம் அதற்கு முன்பே உங்கள் கணக்கில் இருந்தது. காப்பீடு வாங்கியிருக்கலாமே என்பீர்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் காப்பீடு அந்தப் புயலுக்குச் செல்லாது. ஆகவே, பிறக்காத புயலுக்கும் சேர்த்து முன்கூட்டியே காப்பீடு செய்யும் தொலைநோக்கு பயணிக்கு வேண்டும். பிறந்து, பெயர் பெற்று, வரைபடத்தில் ஏறிவிட்ட புயலைப் பற்றி ஒரு மின்னஞ்சல் அனுப்பும் கடமை உங்களுக்கு இல்லை.

சொல்லிக்கொண்டே போனால் கோபம் கூடுகிறது, மன்னிக்கவும். நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். கோடையில் கரீபியனுக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. டெக்சாஸில் பள்ளி விடுமுறை ஜூன் தொடங்கி ஆகஸ்ட் நடுவரைதான். ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்குவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். எங்களுக்கு வேறு நாள் கிடையாது. ஜூனிலும் ஜூலையிலும் பெரும்பாலான பயணங்கள் சிக்கலின்றி முடிகின்றன என்பதும் உண்மை. வெனிசுவேலாவை ஒட்டிக் கிடக்கும் அரூபா, பொனேர், குராசோ தீவுகள் வழக்கமான புயல் பாதைக்குத் தெற்கே இருக்கின்றன. இந்த வேறுபாடுகளையெல்லாம் நான் தெரிந்துகொண்டது திரும்பி வந்த பிறகுதான். யுகாட்டான் கரையோரத்தில் கோடையில் ஒதுங்கும் சர்காசம் பாசியைப் பற்றியும் அப்படித்தான்: கொசுமெல்லின் கிழக்குக் கரைக்குப் பேருந்தில் போய் இறங்கியபோது பழுப்பு நிறக் குவியலும் அழுகிய முட்டை நாற்றமும் எங்களை வரவேற்றன. அந்தப் பாசி உங்கள் படங்களில் ஒன்றில்கூட இல்லை.

எங்களுக்குத் திரும்ப வந்தது, போகாத இரண்டு துறைமுகங்களின் வரி. ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு நடுத்தர உணவகத்தில் ஒருவேளை சாப்பிடலாம். ஜூலை 7 அன்று வீடு வந்தோம்; மறுநாள் விடிகாலை அதே பெரில், டெக்சாஸ் கரையில் மாட்டகோர்டா அருகே கரையேறி, ஹூஸ்டனுக்கு எங்கள் பின்னாலேயே வந்து சேர்ந்தது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் நின்றது, எங்களுடையதும் ஒன்று. அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. கரியாகூவில் பெரும்பாலான வீடுகள் கூரை இழந்து நின்றதை நினைத்தால், விடுமுறை கெட்டது என்று மடல் எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா ஐந்தாம் வகைப் புயலாக ஜமைக்காவின் மேற்குப் பகுதியைச் சிதைத்துச் சென்ற பிறகும், புயல் என்ற சொல்லே இல்லாமல் அதே தீவின் பெயரைப் போட்டு ஒரு கோடை விளம்பரம் வரும்போது, கூச்சத்தை விட்டுவிட்டு எழுத வேண்டியிருக்கிறது.

எனவே பணிவுடன் மீண்டும் கேட்கிறேன். உங்கள் முன்பதிவுப் பக்கத்தில் ஒரு கூண்டு ஏற்றுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புறப்படும் ஒவ்வொரு கரீபியன் பயணத்தின் விலைக்கும் பக்கத்தில், விலை எழுதிய அதே அளவு எழுத்தில், இது புயல் பருவம், சொன்ன துறைமுகங்களுக்குப் போகாமலே திரும்ப நேரலாம், அப்போது துறைமுக வரியைத் தவிர வேறெதுவும் திரும்பக் கிடைக்காது என்று எழுதுங்கள். புறப்படும் முன் ஐந்து நாள் முன்னறிவிப்பில் உங்கள் துறைமுகங்களின் மேல் புயலின் பாதை விழுந்தால், கரையில் நிற்கும்போதே பயணிக்குச் சொல்லி, விரும்பினால் வேறு தேதிக்கு மாறிக்கொள்ள வழி விடுங்கள். அதைப் படித்த பிறகும் வருபவர்கள் வருவார்கள்; நானே வரக்கூடும்.

அம்மாவும் அப்பாவும் இந்த ஆண்டும் மே மாதம் வருகிறார்கள். உங்கள் விளம்பரத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். அம்மாவுக்கு நடுக்கப்பலில் சன்னல் வைத்த அறை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். ஏப்ரலில் முழுத் தொகை கட்டும் நாளுக்கு முன் உங்கள் பதில் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் பழைய பயணி ஒருவர்,
ஹூஸ்டன்