கச்சான் காலத்து இலைகளுக்கும் ஒரு பக்கம் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

ஒக்டோபர் வந்தால் கனடாவில் உள்ள சொந்தக்காரர்கள் சிவந்த மேப்பிள் மரங்களின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். பத்திரிகைகளின் வாரப் பதிப்புகளிலும் அவைதான் வருகின்றன. நானும் அவற்றை ஆசையோடு பார்க்கிறேன். ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிறம் மாறும் இலைகளுக்கு ஏன் இன்னும் ஒரு பக்கம் கிடைக்கவில்லை?

கனடாவில் பகல் குறுகி, குளிர் தொடங்கியதும் இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமி தெரியவருகிறது. சிவப்பு மட்டும் அப்போதுதான் புதிதாக உண்டாகிறது. இலையில் தங்கிய சர்க்கரை அந்தோசயனின் என்ற நிறமி உருவாக உதவுகிறது. வெயில் பகலும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் சிவப்பு இன்னும் கூடும்.

நம் நாட்டு வாதுமைக்கு (நாட்டு வாதாம்) அந்தக் குளிரே தேவையில்லை. பல இடங்களில் வருடத்துக்கு இரண்டு தடவை இலை கொட்டும் மரம் அது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் கடற்கரை ஊர்களின் வளவுகளைப் பாருங்கள். ஒரே இலையில் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், கடுஞ்சிவப்பு எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக உள்ள எழுவான்கரையில் காலையில் கடலுக்கு மேலே சூரியன் தாழ்வாக நிற்கும்போது, மரத்துக்கு மேற்குப் பக்கம் நின்று இலைக்குப் பின்னால் வெளிச்சம் வரும்படி படம் எடுக்க வேண்டும். நரம்புகள் ஒவ்வொன்றும் துலங்கி, இலை முழுதும் விளக்கேற்றியதுபோல ஆகிவிடும். அதைத் திரையில் காணும்போது வருகிற சந்தோஷத்துக்கு நான் எதையும் ஈடாகச் சொல்லமாட்டேன். கைபேசியே போதும். திரையில் தெரியும் சிவப்பு இலையில் விரலை வைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். குறைக்காவிட்டால் சிவப்பு வெறும் திட்டாகி, நரம்பு தெரியாமல் போகும். கமெராவில் எடுப்பவர்கள் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பகல் வெளிச்சத்துக்கு மாற்றினால், காலை வெயிலின் இளஞ்சூடு படத்தில் தங்கும். மழை விட்டதும் எடுப்பதென்றால் போலரைசர் கண்ணாடி நல்லது. ஈர இலையின் பளபளப்பைக் குறைத்து உள்ளே இருக்கும் நிறத்தை அது காட்டும்.

அப்புறம், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் மாரி வேளாண்மை விளைந்து வெட்டுக்கு நிற்கும் காலம். நெற்பயிர் மஞ்சளாவதும் பச்சையம் சிதைவதால்தான். இலையிலுள்ள சத்துகள் கதிருக்குப் போய்ச் சேர்கின்றன. காட்டுப் பக்கம் போகிறவர்கள் கூழா மரத்தையும் தேடிப் பார்க்கலாம். அதன் தளிரே சிவப்பு.

இந்த நிறங்கள் அதிக நாள் நிற்பதில்லை. கச்சான் பலமாக அடித்தால் வாதுமையின் சிவந்த இலைகள் ஒரே இரவில் நிலத்துக்கு வந்துவிடும். அதனால்தான் ஒரே மரத்தை நாளும் போய்ப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. என்னோடு வரும் அயல் பிள்ளைகளும் இப்போது இலையைத் திருப்பிப் பார்த்து, அடிப்பக்க நிறத்தைக் கேட்கிறார்கள்.

உங்கள் வாரப் பதிப்பில் கச்சான் காலத்தில் ஒரு பக்கமும், வேளாண்மை வெட்டுக் காலத்தில் ஒரு பக்கமும் வாசகர் எடுத்த படங்களுக்கு ஒதுக்கித் தரும்படி கேட்கிறேன். மாணவர்களின் கைபேசிப் படங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படத்தோடு மரத்தின் பெயர், ஊர், மாதம் மூன்றையும் எழுதி அனுப்பச் சொன்னால், சில வருடங்களில் எந்த மரம் எங்கே எப்போது நிறம் மாறுகிறது என்ற பதிவு நம்மிடமே சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆரையம்பதி.