காரையைக் கொத்தச் சொன்னவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற வார இணைப்பிதழில் பழைய வீட்டைப் புதுப்பிப்பது பற்றி வந்த கட்டுரையை என் மருமகள் எனக்குப் படித்துக் காட்டினாள். பழைய சுண்ணாம்புப் பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசினால் சுவர் புதுப்பிறவி எடுக்கும் என்ற வரி வந்ததும், போதும் அம்மா என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டுச் சுவர் அந்தப் பிறவியை 1998லேயே எடுத்துவிட்டது.

தேவகோட்டைப் பக்கம் எங்கள் அப்பச்சியின் தகப்பனார் கட்டிய வீடு. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டு அரைத்த காரை. அதன்மேல் கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெண்கரு சேர்த்து, கூழாங்கல்லால் மினுங்கத் தேய்த்த பூச்சு. உங்களுக்குத் தெரியாததா? மகள் கல்யாணத்துக்கு முன்னால் வளவுச் சுவரை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றியுள்ள சுவரை, புதுப்பிக்க ஆசைப்பட்டேன். வயதான கொத்தனார் ஒருவர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போய், பொக்கென்று கேட்கும் இடத்தை மட்டும் எடுத்தால் போதும் என்றார். கேட்டேனா? எனக்கும் அப்போது ஒரு பத்திரிகைக் கட்டுரை கிடைத்திருந்தது. அது உங்கள் பத்திரிகைதான் என்று சொல்ல மாட்டேன், அட்டை கிழிந்துவிட்டது.

காரை சும்மா வரவில்லை, செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. ஒன்பது நாள் உளிச் சத்தம். அந்த வெள்ளைப் புழுதியில் என் தாயார் கல்யாணம் முடிந்த பிறகும் இருமிக்கொண்டிருந்தார். இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை, இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்து சிமெண்ட் உதிர்ந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும். பட்டி பார்த்தோம், உதிர்ந்தது. டைல்ஸ் ஒட்டினோம், ஓதம் டைல்ஸுக்கு மேலே ஏறியது.

பங்காளிகள் பங்கைப் பூட்டிப் போட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார்கள். கரணை படாத அவர்கள் பக்கச் சுவரில் இன்றும் முகம் தெரிகிறது. ஆண்டுதோறும் செலவழித்துப் பராமரித்த என் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் சட்டை வெள்ளையாகிறது.

செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியபோது முழுப்பக்கம் போட்டுப் பெருமைப்பட்டவர்கள் நீங்கள். பழைய வீட்டுத் தேக்குத் தூண்களை வாங்கிவந்து காபிக் கடையை அலங்கரிக்க யோசனை சொன்னவர்களும் நீங்கள்தான். அதைக் கண்டித்து நான் எழுதிய இரண்டு பக்கத்தை நான்கு வரியாக்கி, என் ஊரையும் தேனிக்கு மாற்றிவிட்டீர்கள். சென்ற வாரக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே சுவர்ப் பட்டி விளம்பரம் வந்திருந்ததைத் தற்செயல் என்றே நம்புகிறேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில், கொத்துவதற்கு முன் சுவரைத் தட்டிப் பாருங்கள், பொக்கான இடத்தை மட்டும் எடுத்துச் சுண்ணாம்பாலேயே பூசுங்கள் என்று ஒரு வரி போடுங்கள். மூட்டுவலித் தைல விளம்பரத்துக்குக் கீழே என்றாலும் சரி. இந்தக் கடிதத்தையும் வெளியிடுவதாக இருந்தால், ஊர் தேவகோட்டை.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
தேவகோட்டை