சனிக்கிழமை இருக்கும் நிலவறை

கடலூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

நாலு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பெண் வீட்டுக்கு வர்ஜீனியா போய்த் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மற்றபடி சுகம்.

மாப்பிள்ளை ஒருநாள் மான்டிசெல்லோவுக்கு அழைத்துப் போனார். அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெபர்சன் குன்று உச்சியில் கட்டிக்கொண்ட வீடு. 1923-இல் ஒரு அறக்கட்டளை வாங்கி, அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. நுழைந்ததுமே கூடத்தில் ஒரு கடிகாரம். பீரங்கிக் குண்டு மாதிரி எடைகள் கயிற்றில் தொங்குகின்றன. அவை இறங்க இறங்க, பக்கத்துச் சுவரில் குறித்திருக்கும் கிழமையைக் காட்டும். கூடத்தின் உயரம் போதவில்லை என்று மனுஷன் தரையிலேயே ஓட்டை போட்டுவிட்டார். அதனால் சனிக்கிழமை நிலவறையில் இருக்கிறது! நம் கணக்கு வாத்தியார் பார்த்திருந்தால் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸையும் அங்கேயே வைத்திருப்பார்.

சிரித்துக்கொண்டேதான் கீழே இறங்கினேன். சமையலறை, பண்டசாலை, அடிமைகள் இருந்த அறைகள். 1776-இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் 'எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டார்கள்' என்று எழுதிய கை, தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தது. 1826-இல் அவர் கடனோடு செத்தார். அடுத்த ஜனவரியில் 130 பேரை ஏலம் போட்டார்கள். மேலே அலமாரியையும் படுக்கையையும் புகழ்ந்த அதே வழிகாட்டிப் பெண்தான் இதையும் சொன்னாள், குரலைத் தாழ்த்தாமல்.

உங்கள் புதுச்சேரி நாட்குறிப்புக்காரர் அனந்தரங்கப் பிள்ளை மாதிரி ஜெபர்சனும் எதையும் எழுதிவைக்கிற ஆள். பண்ணைக் கணக்குப் புத்தகத்தில் அடிமைகளின் பெயர்கள் இருக்கின்றன, யாருக்குப் போர்வை கொடுத்தார், யாருக்குத் துணி கொடுத்தார் என்பது உட்பட. சொத்துக் கணக்குதான். ஆனாலும் பெயர் தங்கிவிட்டது.

இப்போது உன் விஷயம். வைசியாள் வீதி வீட்டை விடுதியாக்கி, கூடத்தில் தாத்தா சரித்திரத்தைப் பலகை போட்டு மாட்டப்போகிறாயாமே, ராஜி சொன்னாள். மாட்டு. அந்தத் தேக்குத் தூண், சைகோன் பீங்கான், எல்லாவற்றையும் எழுது. ஆனால் பின்கட்டில், கிணற்றடியை ஒட்டின அறையில் ஒரு ஆயா இருந்தாரே? பரீட்சைக்குப் படிக்கிறோம் என்று கதையடித்த ராத்திரிகளில் நமக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தவர். விமானத்தில் வரும்போது யோசித்து யோசித்துப் பார்த்தேன், பெயர் வரவில்லை. நீயும் 'ஆயா' என்றுதானே கூப்பிடுவாய்?

பெரிய அக்காவுக்கு நினைவிருக்கும். கேட்டு எழுது. பலகை அச்சுக்குப் போவதற்கு முன்னால்.

உன்,
பாலு